சோக் இருந்தால் மட்டும் ஓடும் மோட்டார் சைக்கிள்

நுவரெலியாவில் 2 ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்த உங்கள் 125 சிசி மோட்டார் சைக்கிள், சோக் (காற்றைக் குறைத்துப் பெற்றோலின் பங்கைக் கூட்டும் அமைப்பு) போட்டால் மட்டும் இயங்கி, அதை எடுத்ததும் அணைந்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். குளிரைக் குறை சொல்ல வேண்டாம். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் காற்று-பெற்றோல் கலவையில் பெற்றோல் கூடுவதே இயல்பு, உங்கள் வண்டிக்கோ சோக் இல்லாமல் அது போதாமல் இருப்பதால், பழைய பெற்றோல் விட்டுச்சென்ற பிசின் காபரேட்டரின் (காற்றையும் பெற்றோலையும் கலக்கும் பகுதி) பைலட் ஜெட்டை, அதாவது எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெற்றோல் செல்லும் சிறு துளையுள்ள பாகத்தை, அடைத்திருக்கிறது என்றே கருதுகிறேன். அந்த ஜெட்டைக் கழற்றிக் காபரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும் (அவசரத்தில் பலர் செய்வது இதைத்தான்). மீண்டும் பூட்டுவதற்கு முன் தாங்கியிலுள்ள பழைய பெற்றோலை முழுவதும் வடித்து, உள்ளே டோர்ச் அடித்துத் துரு இருக்கிறதா எனப் பாருங்கள், ஏனெனில் நம் பக்கத்து ஈரத்தில் அரைகுறையாக நிரம்பிய தாங்கி எளிதில் துருப்பிடிக்கும், அந்தத் துகள்கள் ஜெட்டை மறுபடியும் அடைத்துவிடும். பற்றரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.