ஃபீல்டா, தியரியா?

கேள்வி: தியரி இல்லாம நேரா ஃபீல்டுக்குப் போறது ஆராய்ச்சியே இல்லன்னு கைடு சொல்றாரு, சரியா சார்? (பிஎச்.டி. மாணவி)

பதில்: அமெரிக்கக் கறுப்பின சமூகவியல் அறிஞர் டு பாய்ஸ் என்ன பண்ணாருன்னு பாருங்கம்மா. 1896ல ஃபிலடெல்ஃபியாவுல கறுப்பின மக்கள் நிறைய இருந்த ஏழாவது வார்டுலயே குடியேறி, வீடு வீடா ஏறி இறங்கி, சுமார் 2,500 குடும்பங்களைப் பாத்து வேலை என்ன வாடகை எவ்வளவுன்னு எழுதி எழுதி அப்புறம்தான் முடிவுக்கு வந்தாரு. ஊர்ல பெரிய மனுஷங்க 'இந்த ஜனங்களேதான் பிரச்சனை'ன்னு முன்னாடியே தீர்ப்பு எழுதி வெச்சிருந்தாங்க, இவரு கண்டது வேற, கைத்தொழில் தெரிஞ்சவனுக்கும் தொழிலாளர் யூனியன் கதவைச் சாத்துது, மோசமான வீட்டுக்கும் வாடகை எக்கச்சக்கம். 1899ல புத்தகமா வந்துச்சு. ஆனா அவரும் கைய வீசிட்டுப் போகல, கேள்வித்தாளோடதான் போனாரு. கைடு கேக்குறது அந்த மாதிரி முன்னாடியே யோசிச்ச கேள்விகளைத்தான்னா குடுத்துடுங்க.