வெயிலில் கமராத் திரையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: கடந்த மாசியில், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் வயலில் காலபோக அறுவடையை நண்பகலில் படம் எடுத்தேன். கமராத் திரையில் படங்கள் இருண்டு தெரிந்தமையால் எக்ஸ்போசரைக் கூட்டிக்கொண்டே போனேன். வீட்டில் கணினியில் பார்த்தபோது, அப்பாவின் வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்புக்கூட இல்லை. வெயிலில் சரியான அளவை எப்படி அறிவது? அந்தப் படங்களைத் திருத்த முடியுமா?

வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: வெட்டவெளி வயலில் நிற்கும்போது நம் கண்மணி சுருங்கிவிடுகிறது, வானத்தின் ஒளியும் திரைக் கண்ணாடியில் தெறிப்பதால், சரியாக விழுந்த படமும் மங்கித் தெரிகிறது. திரையின் பிரகாசத்தை உயர்த்தி வைத்தால் பார்ப்பதற்கு இலகுவாக இருக்கும். ஆனால் அதே திரை மாலையில் இருண்ட படத்தையும் நல்ல படமாகக் காட்டி, உங்களை எதிர்ப்பக்கத் தவறுக்கு இட்டுச் செல்லும்.

ஆகவே ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடப்பக்கம் கருமையையும் வலப்பக்கம் வெண்மையையும் குறிக்கும் அந்த வரைபடம், படத்தில் பதிவான அளவுகளைக் கொண்டு வரையப்படுவதால் வெயில் அதை மாற்றாது. மேடு வலது ஓரத்தில் முட்டி நின்றால், வேட்டி போன்ற வெள்ளைப் பகுதிகளில் விபரம் அழிந்திருக்கக்கூடும். அளவுக்கு மேல் வெளுத்த இடங்களை மின்னிக் காட்டும் எச்சரிக்கை பெரும்பாலான கமராக்களில் உண்டு. அதையும் இயக்கி வையுங்கள். வேட்டி மின்னினால் எக்ஸ்போசரை மூன்றிலொரு ஸ்டொப் (ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒரு படி) வீதம், மின்னல் நிற்கும்வரை குறையுங்கள். குளத்து நீரில் தெறிக்கும் சூரியப் பொட்டுகள் மின்னுவதைப் பொருட்படுத்த வேண்டாம். அவை வெளுத்தே இருக்க வேண்டியவை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் படமெடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிவப்புப் பட்டுச் சேலையில், மொத்த வரைபடம் ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு மட்டும் எல்லை கடந்துவிடுவதுண்டு என்பதால், மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்றும் இன்றுவரை கைகொடுக்கிறது. தெளிவான வெயிலில், சூரியன் முன்பக்கமிருந்து ஒளி வீசும் பொருளுக்கு, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100 எனில் அபேச்சர் (லென்ஸின் துவார அளவு) எஃப்/16, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/125 செக்கன். அதே ஒளியை எஃப்/8, 1/500 என்றும் வைக்கலாம். உங்கள் கமராவின் அளவு இதிலிருந்து வெகுதூரம் விலகினால், ஏனென்று ஒருமுறை பாருங்கள்.

நண்பகலில் தலைப்பாகையின் நிழல் முகத்தில் விழுந்து, வேட்டியைக் காப்பாற்றினால் முகம் இருளும். என் தெரிவு வேட்டியைக் காப்பதே. கமரா பதிந்த ஒளித் தரவை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பில் நிழலைப் பின்னர் பெருமளவு உயர்த்தலாம், முற்றாக வெளுத்ததை மீட்க இயலாது.

உங்கள் பழைய படங்களும் ரோ வடிவில் இருந்தால், கணினியில் எக்ஸ்போசரைக் குறைத்துப் பாருங்கள். ஹிஸ்டோகிராம் காட்டுவதைவிடச் சற்றுக் கூடுதலான விபரம் அதில் எஞ்சியிருப்பதுண்டு. கமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் மட்டும் இருந்தால், அப்பாவின் வேட்டி மடிப்புகளை மீட்பதற்கு வழியில்லை. அடுத்த அறுவடையில், காலை எட்டு மணிக்கு முன்னரே வயலுக்குப் போய்விடுங்கள்.