சுரங்கம், நிலநடுக்கம், அஸ்திவாரம்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கட்டடத்தின் அடியில் சுரங்கப்பாதை தோண்டப் போகிறார்கள். கட்டடம் இறங்கிவிடுமா?

பதில்: சிறிதளவு இறங்கும்; இறங்கவே இறங்காது என்று எந்தப் பொறியாளரும் உறுதி கூற முடியாது. இயந்திரம் எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும், உள்ளே பொருத்தப்படும் கான்கிரீட் வளையத்துக்குத் தேவையானதைவிடச் சற்றுக் கூடுதலாகவே மண் வெளியேறுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப மேலுள்ள மண் நகர்வதால், தரைமட்டத்தில் ஆழமில்லாத, அகன்ற பள்ளம் ஒன்று உருவாகிறது. கட்டடம் முழுவதும் ஒரே சீராக 20 மில்லிமீட்டர் இறங்கினால் கதவுகூட இறுகாது. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நின்றுவிடுவதுதான் ஆபத்து. 6 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு தூண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: அவற்றின் இறக்கத்தில் 12 மில்லிமீட்டர் வேறுபாடு வரை பொதுவாகக் கவலையில்லை, 20 மில்லிமீட்டரானால் இடையிலுள்ள சுவரில் விரிசல் தொடங்கும், 40 மில்லிமீட்டரை எட்டினால் தூணும் உத்தரமுமே பாதிக்கப்படலாம். ஆகவே, சுரங்கத்துக்கு நேர் மேலே நிற்கும் சிறிய கட்டடத்தைவிட, பள்ளத்தின் விளிம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நிற்கும் நீண்ட கட்டடத்தையே நான் முதலில் பார்வையிடுவேன்.

கேள்வி: எங்களுடையது பைல் அஸ்திவாரம் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய நீண்ட தூண்கள்மீது நிற்பது). அச்சமில்லை அல்லவா?

பதில்: பைலின் நுனி எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல இயலாது. சுரங்கத்துக்குச் சற்று மேலே முடியும் பைல், தன்னைத் தாங்கும் மண் தளர்வதால் இறங்கக்கூடும். ஆழத்தில் பாறையில் ஊன்றிய பைலையும், சுற்றியுள்ள மண் இறங்கும்போது தன்னோடு கீழே இழுக்கும்.

கேள்வி: சுவரில் ஏற்கெனவே விரிசல்கள் உள்ளன. என்ன செய்யலாம்?

பதில்: பணி தொடங்குமுன் ஒவ்வொரு விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி, அருகில் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். இதைச் செய்யாமல் பின்னர் வாதாடிப் பயனில்லை.

கேள்வி: நிலநடுக்கத்தின் மையம் வெகு தொலைவில் இருந்தால் பாதுகாப்புதானே?

பதில்: மண்ணைப் பொறுத்தது. 1985-இல் மெக்சிகோ நகரம் மையத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஆயினும் பழைய ஏரிப்படுகையின் மென்களிமண் அதிர்வைப் பெருக்கியதால், அதே தாளத்தில் ஆடக்கூடிய நடுத்தர உயரக் கட்டடங்களே அதிகம் விழுந்தன. நீர் நிறைந்த தளர்மணலின் கதை வேறு: குலுங்கும்போது அது குழம்பாகிவிடும். 1964-இல் ஜப்பானின் நீகாத்தாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலேயே அப்படியே சாய்ந்தன.

கேள்வி: நிலநடுக்கத்தில் சுரங்கமே இடிந்துவிடுமா?

பதில்: ஆழமான சுரங்கம் மண்ணோடு சேர்ந்து அசைவதால், மேலுள்ள கட்டடங்களைவிடப் பொதுவாக நன்றாகவே தாங்கும். மேலிருந்து பள்ளம் தோண்டிக் கட்டி மூடிய ஆழமற்ற நிலையங்களில்தான் கவனம் தேவை. 1995-இல் கோபே நகரின் தாய்காய் நிலையத்தில் நடுத்தூண்கள் நொறுங்கியதால், மேலே இருந்த சாலை 2 மீட்டருக்கும் அதிகமாக உள்வாங்கியது.