பிரேக் காலிப்பருக்கு வீட்டிலேயே வண்ணம் பூசுதல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அலாய் வீல் மாற்றிய பிறகு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிரேக் பிடிக்கும் காலிப்பர் உள்ளே துருவேறிக் கண்ணை உறுத்துகிறது. அதைக் கழற்றாமலே பெயின்ட் அடிக்க முடியுமா?

பதில்: முடியும். வீட்டில் செய்பவர்களுக்கு நான் சொல்லும் வழியும் அதுவே. காலிப்பரை முழுதாக வெளியே எடுக்க, அதற்கு ஆயில் கொண்டுவரும் பிரேக் ஹோஸையும் கழற்ற வேண்டும்; கழற்றினால் ஆயில் வடிந்து குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதை முறையாக வெளியேற்றத் தெரியாமல் வண்டியை எடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டின் மேல் இறக்கி, சக்கரத்தை மட்டும் கழற்றுங்கள்.

கேள்வி: போன வருடம் நான் அடித்த பெயின்ட் ஆறே மாதத்தில் தோல்தோலாக உரிந்துவிட்டது. மட்டமான பெயின்ட்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் பெயின்ட் காரணமாக இருக்காது, அடியில் தங்கிய அழுக்கே காரணமாக இருக்கும். நான் முதன்முதலில் பூசிய காலிப்பரில், வார்ப்பின் ஒரு மடிப்புக்குள் கட்டைவிரல் நகமளவு கிரீஸ் இருந்ததைக் கவனிக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் சரியாக அந்த இடத்தில் பெயின்ட் கொப்புளமாக எழும்பி, கீழிருந்து துரு எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து, வேலைக்கு நான்கு மணி நேரம் ஆகுமென்றால் அதில் மூன்று மணி நேரத்தைச் சுத்தம் செய்வதற்கே ஒதுக்குகிறேன். முதலில் நீர் தெளித்துப் பிரேக் தூசியை நனைத்துத் துடையுங்கள். காய்ந்த தூசியை ஊதினால் அது நுரையீரலுக்குள் போகும். பிறகு வயர் பிரஷாலும் உப்புத்தாளாலும் துருவைத் தேய்த்தெடுத்து, பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

உரிதல், குழாயிலுள்ள காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகான பிளீடர் நிப்பிளைச் சுற்றித் தொடங்கியிருந்தால், அங்கே ஆயில் கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில்கள் பெயின்ட்டையே கரைத்துவிடும்.

கேள்வி: வீட்டுக் கேட்டுக்கு அடித்து மீந்த எனாமல் போதாதா?

பதில்: போதாது. வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் வேலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் டிஸ்க்கின் சூடு நூற்றுக்கணக்கான டிகிரிக்கு ஏறும். அதைக் கவ்வி நிற்கும் காலிப்பருக்கும் அதில் ஒரு பங்கு வந்து சேரும். சாதாரண எனாமல் அந்தச் சூட்டில் நிறம் மங்கி உதிரும். காலிப்பருக்கென்றே விற்கும் வெப்பம் தாங்கும் பெயின்ட்டை வாங்குங்கள். ஸ்பிரேயைவிட, பெயின்ட்டை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து பிரஷால் பூசும் வகையையே நான் விரும்புகிறேன். அது டிஸ்க்கின் மேல் தெறிக்காது. ஒரே தடிப்பாகப் பூசாமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசுங்கள்.

கேள்வி: எங்கெல்லாம் பெயின்ட் படக்கூடாது?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி, பலரும் இதைக் கேட்பதே இல்லை. டிஸ்க்கை அழுத்தும் பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சூழ்ந்த ரப்பர் உறை, காலிப்பர் நகர்ந்து வரும் பின்கள், பேடு வழுக்கும் தடங்கள், பிளீடர் நிப்பிள், ஹோஸ், டிஸ்க்கின் உராயும் பரப்பு ஆகிய அனைத்தையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பேடு செல்லும் தடத்தில் பெயின்ட் படிந்தால் பேடு சிக்கிக்கொண்டு, பிரேக்கை விட்ட பிறகும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் வந்து அமரும் முகப்பிலும் பெயின்ட் கூடாது; அந்தப் படலம் நாளடைவில் நசுங்கினால் போல்ட்டின் பிடி தளரும்.

கேள்வி: என் காரில் பின்பக்கம் டிரம் பிரேக். அதற்கும் அடிக்கலாமா?

பதில்: வெளிப்புறத்தில் தாராளமாக அடிக்கலாம். சக்கரம் அமரும் முகப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அடித்த அன்றே வண்டியை எடுக்கலாமா?

பதில்: டப்பாவில் குறிப்பிட்டுள்ள உலரும் நேரம் முடியும்வரை பொறுங்கள், ஈரக்காற்று உள்ள நாளானால் இன்னும் கூடுதலாகக் காத்திருங்கள். சக்கரத்தை மாட்டி, போல்ட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கிளம்புமுன் பிரேக் பெடலைச் சில முறை மிதித்து, அது கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின் போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடியும் சரிபாருங்கள்.