பாசிவ் வாய்ஸ் டேபிள ஒப்பிக்கிறா, வாக்கியம் குடுத்தா முழிக்கிறா, என்ன பண்றது?

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "மக பத்தாவது படிக்கிறா. ஆக்டிவ் பாசிவ் டேபிள் முழுசா ஒப்பிக்கிறா, ஆனா புதுசா ஒரு வாக்கியம் குடுத்தா 'ஹேஸ் பீயிங்'னு எழுதுறா, 'வாஸ் டுக்'னு எழுதுறா, போன பரீட்சையில 'தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்'னு வேற எழுதி வச்சிருக்கா. நான் பிளஸ் டூ வரைக்கும் படிச்சவ, ராத்திரி நான்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்குறேன். எங்கருந்து ஆரம்பிக்கிறது?"

அக்கா, மொதல்ல அந்த டேபிள மூடி வச்சிருங்க. டேபிள் தப்புன்னு சொல்லல, எழுதின விடைய சரிபாக்க அது நல்லது, ஆனா அத மட்டும் வச்சு படிக்கிற புள்ளைங்க 'ஹேஸ் பீன்'னையும் 'இஸ் பீயிங்'கையும் போட்டுக் கொழப்பி 'ஹேஸ் பீயிங்'னு புதுசா ஒண்ண உருவாக்கிருதுங்க, ஏன்னா அந்த 'பீன்' ஏன் அங்க வந்துச்சுன்னு யாரும் சொல்லித் தரல. உங்க மக பண்ண மூணு தப்புக்கும் காரணம் வேற வேற, தனித்தனியா பாப்போம்.

ஹேப்பன்ட்ல இருந்தே ஆரம்பிப்போம். எந்த வாக்கியம் வந்தாலும் பேனாவ எடுக்குறதுக்கு முன்னாடி வெர்ப பாத்து "எத?" இல்லன்னா "யார?"ன்னு ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க. 'மை ஃபாதர் மெண்ட்ஸ் தி நெட்'. அப்பா சரி பண்றாரு, எத? வலைய. பதில் வந்துருச்சா, அந்த வலைதான் ஆப்ஜெக்ட், புது வாக்கியம் அதுலதான் ஆரம்பிக்கும். 'தி டிரெயின் கேம் லேட்'. வந்துச்சு, எத வந்துச்சு? கேள்வியே கோணலா இருக்குல்ல, அப்ப அதுக்கு பாசிவே கெடையாது. கம், கோ, ஸ்லீப், அரைவ், டை, ஹேப்பன் எல்லாம் இந்த ரகம்தான். இதுல ஹேப்பன்தான் ரொம்ப ஏமாத்தும், டிகிரி முடிச்சவங்களே 'வாஸ் ஹேப்பன்ட்'னு லெட்டர்ல எழுதுறாங்க. விபத்து நடந்துச்சு, அவ்வளவுதான், 'தி ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்'னு நிறுத்திரணும். இன்னும் கொஞ்சம் வெர்ப் இருக்கு, "எத"ன்னு கேட்டா பதில் வரும், ஆனாலும் பாசிவ் ஆகாது: 'வி ஹேவ் எ போட்'ங்குறத 'எ போட் இஸ் ஹேட் பை அஸ்'னு திருப்பினா கேக்கவே சகிக்காது. ரிசெம்பிள், லேக் ரெண்டும் அதே மாதிரிதான்.

இப்ப 'ஹேஸ் பீயிங்' விவகாரம். இதுக்குத்தான் ரெண்டு மூணு ராத்திரி ஒதுக்கணும், மத்ததெல்லாம் சில்லறை. பாசிவ்ல எப்பவும் ரெண்டு ஆளு உண்டு, ஒண்ணு இஸ், ஆர், வாஸ் மாதிரி வர்ற 'பி' வெர்ப், இன்னொண்ணு மெயின் வெர்போட வி த்ரீ, அதாவது டேக் டுக் டேக்கன்ல மூணாவதா வர்ற 'டேக்கன்' மாதிரி (மொதல்ல வர்றது வி ஒன், நடுவுல வர்றது வி டூ). ஆக்டிவ் வாக்கியத்துல மெயின் வெர்ப் என்ன சட்ட, அதாவது என்ன டென்ஸ் வடிவம், போட்டிருந்துச்சோ அத கழட்டி 'பி'க்கு மாட்டி விடணும், மெயின் வெர்ப் வி த்ரீ சட்டைக்கு மாறிக்கும், எந்த டென்ஸா இருந்தாலும் சரி. இத மட்டும் புரிஞ்சுக்கிட்டா டேபிள அவளே எழுதிருவா.

வலைய வச்சே பாருங்க. அப்பா 'மெண்ட்ஸ்', பிரசன்ட் சட்ட. 'பி'க்கு பிரசன்ட் போட்டா இஸ், அதனால 'தி நெட் இஸ் மெண்டட் பை மை ஃபாதர்'. அப்பா நேத்து 'மெண்டட்', பாஸ்ட், 'பி'யோட பாஸ்ட் வாஸ், 'தி நெட் வாஸ் மெண்டட்'. இப்ப கரையில உக்காந்து சரி பண்ணிக்கிட்டே இருக்காரு, 'இஸ் மெண்டிங்'. இங்க இங் சட்டைய போட்டிருக்கிறது மெண்ட், அந்த இங்க 'பி'க்கு மாத்தினா பீயிங், முன்னாடி இருந்த இஸ் அப்படியே நிக்கும், 'தி நெட் இஸ் பீயிங் மெண்டட்'. சரி பண்ணி முடிச்சிட்டாரு, 'ஹேஸ் மெண்டட்'. ஹேஸுக்குப் பின்னாடி எப்பவும் வி த்ரீதான் வரும், 'பி'யோட வி த்ரீ பீன், அதனால 'தி நெட் ஹேஸ் பீன் மெண்டட்'. ஹேட் வந்தாலும் அதே கதைதான், 'ஹேட் பீன் மெண்டட்'. நாளைக்கு சரி பண்ணுவாரு, 'வில் மெண்ட்', வில்லுக்குப் பின்னாடி வெறும் வி ஒன், அப்ப வெறும் 'பி', 'வில் பி மெண்டட்'. கேன், மே, மஸ்ட், ஷுட் எது வந்தாலும் வில் மாதிரியேதான்.

இத ஒருதடவ வாய்விட்டு சொல்லிப் பாத்தா 'ஹேஸ் பீயிங்' ஏன் தப்புன்னு புள்ளைக்கே தெரியும், ஹேஸ் பின்னாடி இங் வர வழியே இல்ல. எழுதும்போது கேளுங்க, "ஹேஸ் பின்னாடி என்ன வரும்?"னு. "வி த்ரீ"ம்பா. "பி-யோட வி த்ரீ என்ன?" "பீன்." முடிஞ்சது. 'ஹேஸ் பீன் மெண்டிங்' மாதிரி நீளமா வர்றதுக்கும் 'வில் பி மெண்டிங்'குக்கும் பாசிவ் எழுதணுமேன்னு கவலைப்படாதீங்க, 'ஹேஸ் பீன் பீயிங் மெண்டட்'னு எழுதினா யாரு படிக்கிறது, ஸ்கூல் இலக்கணத்துல அதெல்லாம் கெடையாது.

'வாஸ் டுக்', இது லாஜிக் தப்பு இல்ல, மனப்பாடத் தப்பு. வி டூவுக்கும் வி த்ரீக்கும் வித்தியாசம் தெரியல. இதுக்கு குறுக்கு வழி இல்லக்கா, டேக் டுக் டேக்கன், பிரேக் புரோக் புரோக்கன், ஈட் ஏட் ஈட்டன், சீ ஸா சீன், கிவ் கேவ் கிவன், ரைட் ரோட் ரிட்டன்னு உருப்போட்டுத்தான் ஆகணும். கட், புட், ஹிட், ஷட் மூணு எடத்துலயும் மாறாது, அத மொதல்ல குடுத்தா புள்ளைக்கு தெம்பா இருக்கும். டேபிளுக்கு செலவு பண்ற நேரத்த இதுக்கு செலவு பண்ணலாம்னு நான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். இன்னொரு கண்ணி இருக்கு: நம்ம பேசும்போது குக்ட், வாஷ்ட், லாக்ட்ல அந்த கடைசி 'ட்'ட முழுங்கிருவோம், காதுல விழாதது பேப்பர்லயும் வராது. அதனால படிக்கும்போது கடைசி எழுத்த அழுத்தி படிக்கச் சொல்லுங்க.

அடுத்து இஸ்ஸா ஆரா. ஆக்டிவ் வாக்கியத்த பாத்து போட்டுருவாங்க, புதுசா முன்னாடி வந்து உக்காந்தத பாத்துதான் போடணும். 'தி மென் புல் தி போட்', ஆளு நெறைய, படகு ஒண்ணு, அப்ப 'தி போட் இஸ் புல்ட் பை தி மென்'. 'ஆர்'னு போட்டா மார்க் போச்சு. பை பின்னாடி ஐ மீ ஆகும், ஹி ஹிம் ஆகும், தே தெம் ஆகும், இது அவளுக்கே தெரிஞ்சிருக்கும்.

இந்த 'பை' பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா எல்லா வாக்கியத்துலயும் பை இருந்தே ஆகணும்னு புள்ளைங்க நெனச்சிக்கிட்டு 'பை சம்படி', 'பை பீப்பிள்'னு கொண்டுவந்து ஒட்டுதுங்க. நம்மளே பேசும்போது "பாம்பன் பாலத்த 1914ல தொறந்தாங்க"ம்போம், யாரு தொறந்தாங்கன்னு எவனும் கேக்குறதில்ல, பாலந்தான் விஷயம். இங்கிலீஷ்ல அந்த எடத்துலதான் பாசிவ் வரும், 'தி பாம்பன் பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட் இன் 1914', பை வேண்டவே வேண்டாம். கலாம் சார 2002ல ஜனாதிபதியா தேர்ந்தெடுத்தாங்க, 'கலாம் வாஸ் இலெக்டட் பிரசிடென்ட் இன் 2002', இங்கயும் பை தேவையில்ல. ஆனா 'தனுஷ்கோடி வாஸ் டெஸ்ட்ராய்ட் பை எ சைக்ளோன் இன் 1964'ல பைய எடுத்துட்டா எதால அழிஞ்சதுன்னே தெரியாம போயிரும், அங்க வச்சாகணும். சொல்ல சேதி இருந்தா வை, இல்லன்னா வெட்டு. கலாம் பேர எடுத்ததால இன்னொண்ணு, 'ஐ பார்ன் இன் ராமேஸ்வரம்'னு இன்டர்வியூல சொல்றவங்க நெறைய, அதுவும் பாசிவ்தான்க்கா, 'ஐ வாஸ் பார்ன்'னு தான் வரணும்.

நம்ம பக்கத்துல இத பழகுறதுக்கு பேப்பரே போதும். 'ஃபிஷர்மென் அரெஸ்டட் பை ஸ்ரீலங்கன் நேவி'ன்னு தலைப்பு அடிக்கடி வருது, நம்ம ஊருக்கு அது தலைப்பு மட்டும் இல்லன்னு எனக்கும் தெரியும். அதுல 'வேர்' இல்ல பாருங்க, தலைப்புல எடத்த மிச்சம் பிடிக்க 'பி' வெர்ப தூக்கிருவாங்க, உள்ள செய்தியில 'வேர் அரெஸ்டட்'னு முழுசா இருக்கும். மீனவங்களப் பத்தின சேதிங்குறதால அவங்க முன்னாடி வர்றாங்க, பாசிவோட வேலையே அதுதான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அத 'ஃபிஷிங் பை டிராலர்ஸ் இஸ் பேன்ட் ஃபார் 61 டேஸ்'னு எழுதுவாங்க, தடை போட்டது அரசாங்கம்னு சொல்லித்தான் தெரியணுமா. தினம் ஒரு தலைப்ப வெட்டி, விட்டுப்போன 'பி' வெர்ப அவள நிரப்பச் சொல்லுங்க, நோட்ஸ விட இது நல்லா ஒட்டும்.

மிச்சம் சின்னச் சின்னது. ரெண்டு ஆப்ஜெக்ட் இருந்தா ரெண்டு விதமா எழுதலாம், 'தி ஆஃபீசர் கேவ் ஹிம் எ டோக்கன்'னா 'ஹி வாஸ் கிவன் எ டோக்கன் பை தி ஆஃபீசர்', இல்லன்னா 'எ டோக்கன் வாஸ் கிவன் டு ஹிம் பை தி ஆஃபீசர்', ரெண்டும் சரி, ஆள முன்னாடி வைக்கிறதுதான் இயல்பா இருக்கும். 'ஷி லுக்ட் ஆஃப்டர் தி சைல்ட்'னு வந்தா ஆஃப்டர கோட்ட விட்டுரக் கூடாது, 'தி சைல்ட் வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹெர்', ஆஃப்டரும் பையும் அடுத்தடுத்து வர்றத பாத்து பயந்து ஒண்ண அடிச்சிருவாங்க. 'ஹூ புரோக் தி விண்டோ'வுக்கு 'பை ஹூம் வாஸ் தி விண்டோ புரோக்கன்'. 'ஓப்பன் தி டோர்'னு கட்டளை வந்தா 'லெட் தி டோர் பி ஓப்பன்ட்', பிளீஸ் போட்டு 'பிளீஸ் ஹெல்ப் மீ'ன்னு வந்தா 'யூ ஆர் ரெக்வெஸ்டட் டு ஹெல்ப் மீ'. இந்த லெட் எல்லாம் உலகத்துல எந்த வீட்லயும் யாரும் பேசுறதில்ல, பரீட்சைக்கு மட்டும் வச்சுக்கட்டும். 'தெரியும்'ங்குற அர்த்தத்துல வர்ற 'நோ' வெர்ப் வந்தா பைக்குப் பதிலா டு, 'ஹி இஸ் நோன் டு மீ'.

இன்னொரு விஷயம், நம்ம ஸ்டேட் போர்டு பேப்பர்ல 'அதர் வாய்ஸ்'க்கு மாத்துன்னுதான் கேப்பாங்க, பாசிவ்வ குடுத்து ஆக்டிவ் ஆக்கச் சொல்லவும் வாய்ப்பு இருக்கு, அதனால அதையும் பழக்கி விடுங்க. 'தி நியூ பாம்பன் பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட் பை தி பிரைம் மினிஸ்டர் இன் 2025'. பை பின்னாடி இருக்குறவர முன்னாடி கொண்டுவரணும், 'பி'ய தூக்கணும், அது போட்டிருந்த சட்டைய மெயின் வெர்புக்கே திருப்பிக் குடுக்கணும். 'வாஸ்' பாஸ்ட்னா வெர்பும் பாஸ்ட், 'தி பிரைம் மினிஸ்டர் ஓப்பன்ட் தி நியூ பாம்பன் பிரிட்ஜ் இன் 2025'. புள்ளைங்க 'பிரைம் மினிஸ்டர் வாஸ் ஓப்பன்ட்'னு வாஸ விடாம இழுத்துட்டு வருவாங்க, அங்க நிறுத்திக் காட்டுங்க. பை இல்லாம குடுத்திருந்தா 'தே' இல்லன்னா 'சம்படி' போட்டுக்கலாம், 'மை சைக்கிள் ஹேஸ் பீன் ஸ்டோலன்'னா 'சம்படி ஹேஸ் ஸ்டோலன் மை சைக்கிள்'. இன்னிக்கு ராத்திரி அவகிட்ட 'தி டீச்சர் இஸ் கரெக்டிங் தி பேப்பர்ஸ்'ங்குறத குடுத்துப் பாருங்க. 'தி பேப்பர்ஸ் ஆர் பீயிங் கரெக்டட் பை தி டீச்சர்'னு வரணும். 'இஸ் பீயிங்'னு எழுதினா புது சப்ஜெக்ட பாக்கல, 'ஆர் கரெக்டட்'னு எழுதினா அந்த இங் சட்டைய எங்கயோ தொலைச்சிட்டான்னு அர்த்தம்.