லைசென்ஸ் கையில் இல்லாதபோது டிராஃபிக் போலீஸ் நிறுத்தினால்?

சென்னையில் ஹெல்மெட் இல்லாமல் போன உங்கள் தம்பியிடம் லைசென்ஸும் இல்லை என்று சொல்லி, கையோடு பணம் கேட்டார்கள், என்ன செய்திருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் பயப்பட வேண்டாம். சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் போனில் மத்திய அரசின் டிஜிலாக்கர் செயலியிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டினாலே போதும். மத்திய மோட்டார் வாகன விதி 139 அதை ஏற்கிறது. கேலரியில் கிடக்கும் போட்டோவை நம்பாதீர்கள், செயலியையே திறந்து காட்டுங்கள்.

ஹெல்மெட்டுக்குத் தப்பிக்க வழியில்லை. தமிழ்நாட்டில் 100 ரூபாயாக இருந்த அபராதம் 2022 அக்டோபரில் 1,000 ஆனது. “பாதி கொடு, சலான் வேண்டாம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது. அது அபராதமே இல்லை, லஞ்சம். குரலை உயர்த்தாமல், “சார், சலான் போட்டுக் கொடுங்க, கட்டிடறேன்” என்று சொல்லுங்கள். அவர் கையிலிருக்கும் கருவியில் வண்டி எண், இடம், நேரம், சட்டப்பிரிவு எல்லாம் பதிவாகிவிடும். கையில் காசு இல்லையென்றால் அப்புறம் மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகன் தளத்தில் கட்டலாம். நம்பர் பிளேட்டைத் தவறாகப் படித்து உங்கள் பேரில் சலான் வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே ஆட்சேபம் தெரிவியுங்கள். கட்டிவிட்டால் குற்றத்தை ஏற்று முடித்துக்கொண்டதாக ஆகிவிடும்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சலான் என்று ஏபிகே ஃபைல் (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடாதீர்கள். மோசடி அது. நிலுவை இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.