கேள்வி-பதில்: ஊழியர்களுக்குச் செய்தி சொல்ல எந்தத் தளத்தை வாங்குவது?

கேள்வி: மண்டபத்தில் மீன் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றின் மேலாளர் நான். எங்களிடம் 140 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் 80 பேர் எடைக்கணக்கில் கூலி வாங்கி இறால் உரிக்கும் பெண்கள். மற்றவர்கள் ஐஸ் பிரிவு, வண்டி ஓட்டுநர்கள், பாம்பன், ராமேஸ்வரம், மூக்கையூர் இறங்குதளங்களில் மீன் எடுப்பவர்கள், அலுவலகத்தார். எல்லாச் செய்தியும் ஒரே வாட்ஸ்அப் குழுவில்தான் போகிறது. சென்ற மாதம் சரக்கு தாமதமானதால் காலை 6 மணி ஷிப்டைப் 10 மணிக்கு மாற்றி இரவில் செய்தி போட்டோம். அது காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிட, உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வந்த முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் நான்கு மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனங்களுக்கென்றே உள்ள தொடர்புத் தளம் ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார் முதலாளி. மூன்று விற்பனைப் பிரதிநிதிகள் வந்து விளக்கிவிட்டார்கள். எதை வாங்கலாம்?

பதில்: அந்த மூவரும் தங்கள் மடிக்கணினியில் காட்டிய திரையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களில், செய்தி போய்ச் சேருவதற்கு மிகவும் கடினமான ஒருவரை நினைத்துக்கொண்டு தொடங்குங்கள். அவரிடம் சொந்தக் கைபேசி இருக்கிறதா, அல்லது மகனுடைய கைபேசியா? அந்த மகன் காலையில் கல்லூரிக்கு எடுத்துப் போய்விடுகிறானா? மின்னஞ்சல் முகவரி உண்டா? மாதக் கடைசியில் ரீசார்ஜ் தீர்ந்திருக்குமா? இந்தக் கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் 140 பேருக்கும் எடுத்து முடிக்காமல் எந்தப் பிரதிநிதிக்கும் பதில் சொல்லாதீர்கள். இரண்டு நாள் வேலைதான், ஆனால் நீங்கள் வாங்கப்போகும் பொருளின் அளவை அதுதான் தீர்மானிக்கும்.

ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், கூகுள் சாட் போன்ற தொடர்புத் தளங்கள் மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து எழுந்தவை. ஆளுக்கொரு மின்னஞ்சல் கணக்கு இருக்கும் என்ற எண்ணத்தின் மேல்தான் அவை நிற்கின்றன. மின்னஞ்சலே இல்லாத 80 பேருக்குக் கணக்குத் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, அதை மறந்தவர்களுக்கு வாரந்தோறும் மாற்றிக் கொடுப்பதற்கே உங்கள் அலுவலகத்தில் ஓர் ஆள் தேவைப்படும். ஆகவே முதல் கேள்வி, கைபேசி எண்ணையோ ஊழியர் எண்ணையோ கொண்டு உள்ளே நுழைய முடியுமா என்பது. இரண்டாவது, தமிழ் எங்கே தமிழாக இருக்கிறது என்பது. தமிழில் தட்டச்சு செய்ய முடிவதை "தமிழ் வசதி" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். பொத்தான்களும் எச்சரிக்கைகளும் தமிழில் வருகின்றனவா என்று நீங்களே திறந்து பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் குரல் பதிவு வேண்டும், அது ஒரே தட்டலில் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒன்று உண்டு. யார் யார் இன்னும் பார்க்கவில்லை என்ற பட்டியலை இந்தத் தளம் தருமா என்று கேளுங்கள். செய்தி அனுப்பும் வசதி உங்களிடம் ஏற்கெனவே இருந்தது. போய்ச் சேராததை இரவு 9 மணிக்கே பார்த்து அறியும் ஏற்பாடுதான் இல்லை. பார்க்காத முப்பது பேரின் பெயர்கள் அன்றிரவே மேற்பார்வையாளர் கையில் இருந்திருந்தால், அரை மணி நேரத்தில் ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்லியிருக்கலாம். அந்தப் பட்டியல் இல்லாத தளத்துக்கு, அதில் எத்தனை அலங்காரம் இருந்தாலும், காசு கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கைபேசியில் இணையம் இல்லாதவர்களுக்கு எஸ்எம்எஸ் இன்னும் நல்ல வழி. ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்துகள் வரை இடம் உண்டு. தமிழில் 70தான், அதைத் தாண்டி நீண்டால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. அதிலும் "கடல்" என்பதை நாம் மூன்றெழுத்தாகப் படித்தாலும் கணக்கில் நான்காகிவிடும், ஏனென்றால் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஒரு செய்தி என்று நினைத்து அனுப்பியதற்கு மூன்று செய்திக்கான கட்டணம் வருவது இதனால்தான். மற்றொன்று, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தன் பெயரையும் அனுப்பப்போகும் செய்தியின் வார்ப்பையும் (டெம்ப்ளேட்) முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். "ஷிப்ட் நேரம் மாற்றம்", "நாளை வேலை இல்லை", "புயல் எச்சரிக்கை" ஆகிய மூன்று வார்ப்புகளை நிதானமாக இருக்கும்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். அவசரம் வந்த பிறகு பதிவு செய்ய நேரம் இருக்காது.

இனி விலை. பிரதிநிதிகள் ஓர் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்றுதான் சொல்லியிருப்பார்கள். கணக்குப் பார்ப்பதற்காக அதை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 140 பேருக்கு ஆண்டுக்கு 1,68,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,98,240. இங்கேதான் நம் கடற்கரையின் காலக்கணக்கைப் பிரதிநிதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் இறால் உரிக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு வேலை இருக்காது. 80 பேரும் வராத அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் நீங்கள் வரியோடு 18,880 ரூபாய் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆள் எண்ணிக்கையை மாதாமாதம் கூட்டிக் குறைக்க முடியுமா, ஆண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டினால் நடுவில் குறைத்துத் திரும்பத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பது பதில் ஆகாது.

எழுத்தில் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் "நுகர்வோர்" என்ற வரையறைக்குள் வருவதில்லை. வீட்டுக்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டி பழுதானால் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனத்துக்காக வாங்கிய மென்பொருளுக்கு அந்தக் கதவு திறக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. ஒப்பந்தத்தில் உள்ள வரிகள்தான் உங்களுக்குத் துணை. ஆகவே மூன்று வரிகள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்: நிர்வாகக் கணக்கு ஒரு தனிநபரின் எண்ணில் இல்லாமல் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், நாங்கள் விலகினால் செய்திகளையும் கோப்புகளையும் படிக்கத்தக்க வடிவில் இத்தனை நாளில் தருவீர்கள், அதன் பிறகு உங்களிடம் உள்ள பிரதியை அழிப்பீர்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், 140 பேருக்கும் வாங்க வேண்டாம் என்பேன். அலுவலகம், ஓட்டுநர்கள், இறங்குதளத்தில் நிற்பவர்கள், ஐஸ் பிரிவு ஆகிய 60 பேருக்கு மட்டும் கட்டணத் தளம் ஒன்றை எடுங்கள். மேலே சொன்ன அதே 100 ரூபாய்க் கணக்கில் ஆண்டுக்கு 84,960தான் ஆகும். அதற்கு முன் உங்கள் மின்னஞ்சல் பில்லை எடுத்துப் பாருங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருந்தால் கூகுள் சாட் அதிலேயே அடக்கம். மைக்ரோசாஃப்ட் திட்டங்கள் சிலவற்றில் டீம்ஸும் சேர்ந்து வரும். இரண்டும் இல்லையென்றால் நம் மாநிலத்து நிறுவனமான ஜோஹோவின் "கிளிக்" (Cliq) என்ற தளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 80 பெண்களுக்கு, நிர்வாகிகள் மட்டுமே எழுதக்கூடிய வாட்ஸ்அப் அறிவிப்புக் குழு ஒன்றும், இணையம் இல்லாதவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸும், பார்க்காதவர்களை அழைக்கும் பொறுப்பைத் தலைக்கு இருபது பேராக ஏற்கும் நான்கு மேற்பார்வையாளர்களும் போதும். குழுவில் போட்ட செய்தியின் மேல் அழுத்திப் பிடித்து "தகவல்" என்பதைத் திறந்தால் யார் படித்தார்கள் என்பது வாட்ஸ்அப்பிலேயே தெரியும். அதைத் தினமும் பார்க்கும் பொறுப்பை ஒருவருக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

முன்பணம் கட்டும் முன் பதினைந்து நாள் ஒத்திகை பாருங்கள். அதற்கு அலுவலகத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். படங்களால் நினைவகம் நிரம்பிய பழைய கைபேசி வைத்திருக்கும் ஓட்டுநர்களையும் இறங்குதளத்து ஆட்களையும் தேர்ந்தெடுங்கள். அவற்றில் பல, புதிய செயலியை ஏற்றவே இடம் இல்லை என்று சொல்லும். அதைப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்வது நல்லது. வாசலில் உள்ள கரும்பலகையையும் எடுத்துவிடாதீர்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் அதைப் பார்ப்பதற்கு யாருக்கும் கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டியதில்லை; உங்கள் பலகையும் அப்படித்தான்.

கேள்வி: கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களோடு வேலை செய்யும் சிறிய தொண்டு அமைப்பு எங்களுடையது. ஊழியர்கள் 14 பேர், குழுத் தலைவிகள் 40 பேர். பணம் கட்ட வசதி இல்லை. இலவசமாகக் கிடைப்பவற்றை நம்பலாமா?

பதில்: நம்பலாம், எது எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரிந்துகொண்டு. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகளைத்தான் பார்க்க முடியும். பாசிக்கயிறு கொடுத்த கணக்கை ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். 54 பேருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பல குழுக்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டி உங்களுக்குப் போதும்: அறிவிப்புக்கு ஒன்று, ஊருக்கு ஒரு சிறு குழு.

ஆனால் கொடுத்த கயிறு, வாங்கிய பாசியின் எடை, குழுவுக்குப் போன பணம் ஆகியவற்றை அரட்டைக்குள் விட்டுவைக்காதீர்கள். மாதக் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து அவற்றை ஒரு கணக்கு ஏட்டிலோ விரிதாளிலோ எழுதட்டும். பெரிய நிறுவனம் நடத்துவது என்பதால் ஒரு தளம் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, உலகெங்கும் பல நிறுவனங்கள் பயன்படுத்திய தன் "வொர்க்பிளேஸ்" தளத்தை மூடப்போவதாக 2024 மே மாதம் அறிவித்தது. பணம் கட்டியவர்களே மூட்டை கட்ட வேண்டியிருந்தது என்றால், இலவசமாக இருப்பவர்கள் தங்கள் ஏட்டைத் தங்களிடமே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கேள்வி: நான் கீழக்கரையில் ஒரு நிறுவனத்தில் பில்லிங் பிரிவில் வேலை செய்கிறேன். அலுவலகக் குழுவில் என்னைச் சேர்த்த நாளிலிருந்து, குழுவில் எண்ணைப் பார்த்த ஒருவர் இரவு நேரங்களில் தனியே செய்தி அனுப்புகிறார். குழுவிலிருந்து விலகினால் வேலைக்கு வரவேண்டாம் என்கிறார் மேற்பார்வையாளர். என்ன செய்வது, அக்கா?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தச் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நீங்கள் நம்பும் ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். அதன் பிறகு அந்த எண்ணைத் தடை செய்யலாம். விருப்பமில்லாத பாலியல் தன்மையுள்ள செய்திகள் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடமாக இருந்தாலோ, புகார் உங்கள் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

உங்கள் மேற்பார்வையாளருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் எண்ணை அவளைக் கேட்காமல் நூறு பேர் முன்னால் வைத்துவிட்டு, விலகினால் வேலை இல்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அதற்குத் தேவையும் இல்லை. வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினரின் எண் நிர்வாகிகளுக்குத் தெரியும், மற்ற உறுப்பினர்களுக்குப் பொதுவாகத் தெரியாது. நிறுவனத் தளங்களில் பெயரை மட்டும் காட்டி எண்ணை மறைக்கும் அமைப்பு உண்டா என்பதை வாங்குபவர்கள் கேட்டே ஆக வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கைபேசி எண்ணும் தனிநபர் தரவுதான். தரவைப் போதிய பாதுகாப்பின்றி விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன.

கேள்வி: எங்களுக்கு நான்கு விசைப்படகுகள் உள்ளன. கரையில் உள்ளவர்களுக்கு வாங்கும் செயலியையே கடலுக்குப் போகும் ஆட்களுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கரையில் இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம், கடலில் அதை நம்பவே கூடாது. கரையை விட்டு விலக விலக டவர் போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை டவரைக் கைபேசி பிடித்துக்கொள்வதும் உண்டு என்பதால், ரோமிங்கை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்; இல்லையென்றால் செய்தியும் வராது, கட்டணமும் ஏறும். கடலில் பேசுவதற்கு விஎச்எஃப் வாக்கிடாக்கிதான். ஆபத்துக்கு அதில் 16ஆம் சேனல். செயலிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் நான்கு படகிலும் உள்ள செட்டுகளின் பேட்டரியைச் சோதித்து, பழையதை மாற்றிவிடுங்கள்.